பதினேழாவது பீடி

நோட்டீஸில் ஐந்து மணி என்று போட்டால்
ஐந்தரைக்கு முதல் ஆள் வருவார்,
அதுவும் போன் சார்ஜ் போட இடம் கேட்டு.
பதினோரு வருஷமாக முக்கூடல் நூலகத்தில்
மாதக் கூட்டம் நடத்துகிறவள் சொல்கிறேன்.

இந்த மாதத் தலைப்பு: வெளிச்சத்தின் வேகம்.
பேச வந்தவர் எஸ்தர் பொன்மணி,
பாளையங்கோட்டையில் இயற்பியல்.
அரியநாயகிபுரம் பக்கத்தில் பஸ் பஞ்சராகி
பால்வண்டி ஒன்றில் ஏறி வந்து சேர்ந்தார்.
சேலையில் கிரீஸ். யாரும் சொல்லவில்லை. நானும்.

நாற்காலி நாற்பது,
பூலுடையார் பந்தல் ஸ்டோரிலிருந்து இனாம்.
அவர் மகள் எங்கள் மேசையில் படித்துத்தான்
குரூப் ஃபோர் தேறினாள்.
முதல் வரிசையில் வாசகர் வட்டத் தலைவர் கோமதிநாயகம்.
பக்கத்து நாற்காலியில் அவர் துண்டு,
வராத கவுன்சிலருக்கு இடம்பிடித்தபடி.

பீடித் தட்டோடு வந்த பெண்கள்
வழக்கம்போலச் சுவரோரம், தரையில்.
மடியில் தட்டு இருந்தால் நாற்காலி சரிப்படாது.
தூள் நெடி புத்தகத்துக்கு ஆகாதென்று
ஒரு காலத்தில் அவர்களை வெளியே அனுப்பியதுண்டு.
அப்புறம் பார்த்தேன்,
நன்றியுரை வரைக்கும் இருப்பது அவர்கள்தான்.

நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் என்றார் எஸ்தர்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
மின்விசிறி ஓடியது. கத்தரிகள் இலை நறுக்கின.

அப்போது வாசலில் வந்து நின்றான் மாசானம்,
குட்டியானையின் இன்ஜினை அணைக்காமல்.
"அக்கா, மேலத்தெருல துட்டி. சேர் வேணும்."

துட்டி வீட்டுக்கு இல்லையென்று
எந்த வாய் சொல்லும்?
ஆளுக்கு நாலாக அடுக்கித் தூக்கினார்கள்.
பாதிப்பேர் அப்படியே வண்டியோடு போய்விட்டார்கள்.
கடைசியாக எழுந்தவர் தலைவர்.
துண்டு அவருக்கு முன்பே தரைக்கு வந்திருந்தது.

எஸ்தர் மடிக்கணினியில் ஒரு படத்தை மட்டும் தாண்டினார்.
அணைந்துபோன விண்மீனின் ஒளி
இன்னும் வந்துகொண்டிருப்பது பற்றிய படம் அது
என்று பிற்பாடு டீ குடிக்கையில் சொன்னார்.
பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு
ஆவுடைத்தங்கத்தின் தட்டுக்கு எதிரே
சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு பீடி சுத்த எவ்வளவு நேரம்?"
"அரை நிமிசம். பேச்சுக் குடுக்காம இருந்தா."
"அப்ப சூரியன்ல கிளம்பின வெளிச்சம்
உங்க பதினேழாவது பீடிக்கு இங்க வந்திரும்."
கத்தரி நின்றது.
"ஒரு கட்டு முடியுமுன்னயா?"
"முடியுமுன்னயே."
"நிலாவுல இருந்து?"
"நீங்க நுனிய மடக்குததுக்குள்ள."

சூரியனை விட்டால் பக்கத்து விண்மீனுக்கு நாலேகால் வருஷம்.
ஆவுடைத்தங்கம் விரல் மடக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது.
மாசம் இருபத்தஞ்சு நாள் வேலை, நாளுக்கு ஆயிரம்.
"பன்னெண்டே முக்கால் லட்சம் பீடி."
"அதுல கம்பெனிக்காரன் எத்தனையக் கழிச்சிருப்பானோ"
என்றாள் பேச்சித்தாய்.
முழங்காலைப் பிடித்துக்கொண்டு தலைவர்கூடச் சிரித்தார்.
மேலத்தெருவில் கொட்டுச் சத்தம் எழும்பவும்
எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

பதிவேட்டில் எழுதினேன்.
வருகை: தொடக்கத்தில் முப்பத்தெட்டு, முடிவில் பத்தொன்பது.
செலவு: டீ, சுசியம்.
பக்கத்து விண்மீன்: 12.75 லட்சம்.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள்.
புத்தகம் கேட்கவில்லை.
"அந்தக் கணக்கு தப்பு டீச்சர்" என்றாள்.
நூலகர் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.
"ஞாயித்துக்கெழம, கோயில் கொடை, எலத் தட்டுப்பாடு,
துட்டி, அம்புட்டையும் நான் கழிச்சிட்டேன்.
வெளிச்சம் லீவு போடாதுல்லா?
பதினஞ்சரைன்னு எழுதுங்க."

சிவப்பு மையில் அடித்துத் திருத்தி
ஓரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன்.
விரல்களை முந்தியில் துடைத்துவிட்டுத்தான்
பேனாவை வாங்கினாள்.
இருந்தாலும், ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள்
அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது தும்முகிறார்கள்.